கொல்வது வேறு, விடைகொடுப்பது வேறு

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



சாமுவேல் இரண்டாம் நூலின் முதல் அதிகாரத்தை இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன். கில்போவா மலையில் பெலிஸ்தியரோடு நடந்த போரில் இஸ்ரயேல் தோற்றுவிட்டது. மன்னர் சவுலும் அவருடைய மகன் யோனத்தானும் இறந்துவிட்டார்கள். கிழிந்த ஆடையோடும் தலையில் புழுதியோடும் ஓர் இளைஞன் தாவீதிடம் ஓடி வருகிறான். அவன் அமலேக்கிய இனத்தவன். தான் கண்டதாக அவன் சொல்லும் செய்தி இதுதான்: சவுல் தம் ஈட்டிமேல் சாய்ந்துகொண்டிருந்தார். எதிரியின் தேர்கள் நெருங்கி வந்துகொண்டிருந்தன. அவர் அவனை அழைத்து, தம்மைக் கொன்றுவிடும்படி கேட்டுக்கொண்டார். சாவின் வேதனை தம்மைப் பிடித்திருந்தும் உயிர் இன்னும் போகவில்லையே என்றார். இனி அவர் பிழைக்கமாட்டார் என்று அவனுக்கும் உறுதியாகத் தெரிந்தது. ஆகவே கொன்றான்.

அன்பு நேயர்களே, கருணைக்கொலைக்கு ஆதரவாக இன்று சொல்லப்படும் மூன்று வாதங்களும் அந்த இளைஞனின் வாயில் அன்றே இருந்ததைக் கவனித்தீர்களா? ஒன்று, தாங்க முடியாத வலி. இரண்டு, அவரே கேட்டுக்கொண்டார். மூன்று, எப்படியும் பிழைக்கமாட்டார். இந்த மூன்றையும் தாவீது கேட்டார். மூன்றையும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆண்டவரால் திருப்பொழிவு பெற்றவர்மேல் கைவைக்க நீ எப்படித் துணிந்தாய் என்றுதான் அவனைக் கேட்டார். அவனுக்கு மரண தண்டனை விதித்தார்.

முதல் நூலின் கடைசி அதிகாரம் சவுலின் முடிவை வேறு விதமாகச் சொல்கிறது. அதன்படி சவுல் தம் வாளின்மேல் தாமே விழுந்து இறந்தார். ஆகவே பரிசுக்காக அந்த இளைஞன் பொய் சொல்லியிருக்கலாம் என்று விவிலிய அறிஞர் பலர் விளக்குகிறார்கள். ஆனாலும் தாவீது அவன் சொன்னதை உண்மை என்று எடுத்துக்கொண்டே தீர்ப்பளித்தார். தாவீது கொடுத்த தண்டனையை இன்று நாம் ஏற்பதில்லை. மரண தண்டனை ஏற்கத்தக்கதல்ல என்று 2018-ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூலையே திருத்தினார். ஆனால் தாவீது கேட்ட கேள்வி இன்றும் நம்முன் நிற்கிறது.

நம் நாட்டின் குற்றவியல் சட்டம் அதே கேள்வியை எப்படிக் கேட்கிறது என்று முதலில் பார்ப்போம். கோவிலில் எதற்குச் சட்டம் என்று சிலர் நினைக்கலாம். நம் குடும்பங்களில் ஒருவர் சாகக் கிடக்கும்போது மருத்துவரும் சட்டமும் நம் விசுவாசமும் ஒரே கட்டிலைச் சுற்றி நிற்கின்றன. ஒன்று சொல்வது மற்றதற்குப் புரியாததால் தவறான முடிவு எடுப்பவர்களும், சரியான முடிவு எடுத்துவிட்டு வாழ்நாள் முழுவதும் குற்ற உணர்வால் வாடுகிறவர்களும் நம் பங்குகளில் உண்டு. அவர்களுக்காகத்தான் இந்தச் சிந்தனை.

2024-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. இந்தச் சட்டத்தில் ‘கருணைக்கொலை’ என்று தனியாக ஒரு பிரிவு இல்லை. கருணையால் செய்தேன் என்பது ஒருவரை விடுவிக்கும் காரணமாக எங்கும் சொல்லப்படவும் இல்லை. எதற்காகச் செய்தாய் என்பதைவிட, என்ன நடக்கவேண்டும் என்று எண்ணிச் செய்தாய் என்பதைத்தான் சட்டம் முதலில் கேட்கிறது. உயிர் போகவேண்டும் என்று எண்ணி ஒருவர் ஒரு செயலைச் செய்து, அதனால் உயிரும் போய்விட்டால், அவர் நெஞ்சில் இருந்தது பகையா பாசமா என்பது குற்றத்தின் பெயரை மாற்றுவதில்லை. அது கொலை. 103-ஆம் பிரிவின்படி அதற்கு மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை.

“அவரே கேட்டுக்கொண்டார்” என்ற வாதத்திற்குச் சட்டம் ஓரளவு இடம் தருகிறது. பதினெட்டு வயது நிரம்பிய ஒருவர் தம் இசைவோடு சாவை ஏற்றுக்கொண்டால், அவரைக் கொன்றவர் செய்தது கொலைக்குற்றமாகாத மரணம் விளைவித்தல் என்று 101-ஆம் பிரிவின் ஐந்தாம் விதிவிலக்கு சொல்கிறது. தண்டனை குறைகிறது, குற்றம் மறைவதில்லை. 105-ஆம் பிரிவின்படி ஆயுள் சிறையோ, குறைந்தது ஐந்தாண்டு முதல் பத்தாண்டு வரை சிறையோ கிடைக்கலாம். அச்சத்தாலோ தவறான எண்ணத்தாலோ கொடுக்கப்பட்ட இசைவு இசைவே அல்ல என்றும் அதே சட்டம் வேறோரிடத்தில் சொல்கிறது. “நான் உங்களுக்குப் பாரமாக இருக்கிறேனே, என்னைப் போகவிடுங்களேன்” என்று வீட்டின் பெரியவர் கேட்கும்போது, அது முழு மனதோடு கேட்பதா, நம் முகச்சுளிப்பைப் பார்த்துக் கேட்பதா என்று நாம் நெஞ்சைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

“நான் கைகூட வைக்கவில்லை, அவர் கேட்டதை எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான்” என்பவருக்கும் சட்டம் பதில் வைத்திருக்கிறது. அது தற்கொலைக்கு உடந்தையாக இருத்தல். 108-ஆம் பிரிவின்படி பத்தாண்டு வரை சிறை. அதே வேளையில், தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவரிடம் நம் சட்டம் இப்போது இரக்கம் காட்டுகிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படிப்பட்டவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்று எடுத்துக்கொண்டு, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. ஆகவே, நேயர்களே, இந்த ஒலிபரப்பைக் கேட்கும் யாருக்காவது வாழ்வு வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தால், அஞ்சாமல் ஒருவரிடம் பேசுங்கள். வீட்டாரிடமோ, மருத்துவரிடமோ, உங்கள் பங்குத்தந்தையிடமோ, இன்றே பேசுங்கள்.

எல்லா நாடுகளிலும் இதே நிலை இல்லை. சுவிட்சர்லாந்தில் தன்னல நோக்கத்தோடு தற்கொலைக்கு உதவினால்தான் அது குற்றம். அங்கே சட்டம் நோக்கத்தைப் பார்க்கிறது. நெதர்லாந்தில், கேட்டுக்கொண்டவரைக் கொல்வது குற்றவியல் சட்டத்தில் இன்றும் குற்றமாகவே இருக்கிறது. ஆனால் நிபந்தனைகளை நிறைவேற்றி, நடந்ததை அரசுக்கு அறிவிக்கும் மருத்துவருக்கு 2002 முதல் விலக்கு உண்டு. அதே ஆண்டு பெல்ஜியமும் இப்படி ஒரு சட்டம் இயற்றியது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2014-இல், வயது வரம்பையும் எடுத்துவிட்டுக் குழந்தைகளுக்கும் அந்தக் கதவைத் திறந்தது. ஒரு கதவைச் சிறிது திறந்தால் அது அந்த அளவிலேயே நிற்பதில்லை என்பதை இதில் பார்க்கிறோம்.

தொலைதூர நாடுகளைப் பற்றிப் பேசி நாம் நிம்மதி அடைந்துவிட முடியாது. விருதுநகர், மதுரை, தேனி பக்கத்தில் ‘தலைக்கூத்தல்’ என்ற சொல்லைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் குடிக்கவைத்து, உறவினர்களையும் வரவழைத்து, ஒரு சடங்குபோல் அவரைச் சாகடிப்பது அது. அதைச் செய்பவர்கள் கொடியவர்கள் அல்லர். வயல்வேலைக்குப் போனால்தான் வீட்டில் அடுப்பெரியும், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, மருத்துவத்திற்குப் பணம் இல்லை என்ற நிலையில் இருப்பவர்கள். “நல்லபடியாக வழியனுப்பி வைத்தோம்” என்றுதான் சொல்வார்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது கொலை. நம் ஐந்தாம் கட்டளையின்படியும் அது கொலை. எண்ணெய் என்பது நம் திருஅவையில் திருமுழுக்கிலும் உறுதிபூசுதலிலும் நோயில்பூசுதலிலும் பூசப்படும் அருளின் அடையாளம். அந்த எண்ணெயால் திருப்பொழிவு பெற்றவர்தான் கட்டிலில் கிடக்கும் நம் அப்பத்தாவும். தாவீது கேட்ட கேள்வி அரசர்களைப் பற்றி மட்டும் கேட்ட கேள்வி அல்ல.

இதுவரை நாம் பார்த்தது ஒரு பக்கம். இனி அடுத்த பக்கத்திற்கு வருவோம். இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்குப் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன்.

மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, நாற்காலியில் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். எண்பது வயது தாண்டிய அப்பா. புற்றுநோய் உடலெங்கும் பரவிவிட்டது. “வென்டிலேட்டர் வைத்தால் சில நாட்கள் ஓட்டலாம், ஆனால் திரும்பி வரமாட்டார். என்ன செய்யலாம், சொல்லுங்கள்” என்று மருத்துவர் கேட்கிறார். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். வேண்டாம் என்று கையெழுத்துப் போட்ட மூத்த மகள், “அப்பாவை நானே கொன்றுவிட்டேனே சாமி” என்று அழுகிறாள். அப்படி அழுதுகொண்டு, ஆண்டுக்கணக்கில் நற்கருணை வாங்காமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அவள் செய்தது கொலையா?

இல்லை. சட்டமும் இல்லை என்கிறது, திருஅவையும் இல்லை என்கிறது.

சட்டம் இந்த இடத்திற்கு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. அதற்குக் காரணமாக இருந்தவர் அருணா ஷான்பாக் என்ற செவிலியர். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் பணியாற்றிய அவர், 1973-ஆம் ஆண்டு நவம்பர் 27 அன்று, அதே மருத்துவமனையின் ஊழியன் ஒருவனால் கொடூரமாகத் தாக்கப்பட்டார். மூளைக்குப் போகும் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, நினைவு திரும்பாத நிலைக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 25. அதன்பின் ஏறத்தாழ 42 ஆண்டுகள் அதே மருத்துவமனையில் படுக்கையில் கிடந்தார். அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்தி, அவரை அமைதியாகச் சாகவிட வேண்டும் என்று ஓர் எழுத்தாளர் உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தார். அவர் மனதிலும் இரக்கம்தான் இருந்தது.

அந்த மனுவை எதிர்த்தவர்கள் யார் தெரியுமா? அருணாவோடு வேலை செய்தவர்களும், அவருக்குப்பின் பணிக்கு வந்த செவிலியர்களும்தான். அவரை முன்பின் அறியாத இளம் செவிலியர்கள்கூட, தங்களுக்கு முன்னிருந்தவர்களிடமிருந்து அந்தப் பொறுப்பை வாங்கிக்கொண்டு, அவருக்கு ஊட்டினார்கள், குளிப்பாட்டினார்கள், புரட்டிப் படுக்கவைத்தார்கள். இத்தனை ஆண்டுகளில் அவருக்குப் படுக்கைப் புண் வரவில்லை என்பதை நாடே வியந்து பேசியது. படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உழைப்பு என்பது தெரியும். 2011-ஆம் ஆண்டு மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அருணாவின் சார்பில் பேசும் உரிமை அவரைப் பராமரித்த மருத்துவமனை ஊழியர்களுக்கே உண்டு என்று சொல்லி மனுவைத் தள்ளுபடி செய்தது. 2015 மே 18 அன்று நிமோனியா காய்ச்சலால் அருணா இயற்கையாக இறந்தார்.

அதே தீர்ப்பில் நீதிமன்றம் ஒரு கோட்டையும் போட்டது. மருந்து செலுத்தி ஒருவரைச் சாகடிப்பது குற்றம். ஆனால் பலனில்லாத நிலையில் உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்திக்கொள்வதை, உயர் நீதிமன்றத்தின் ஒப்புதலோடு அனுமதிக்கலாம் என்றது. 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு இதை உறுதிப்படுத்தியது. ஒருவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே, பின்னாளில் தமக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று எழுதி வைக்கும் மருத்துவ உயிலையும் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பே, 1996-இல், வாழும் உரிமைக்குள் சாகும் உரிமை அடங்காது என்று இன்னோர் ஐந்து நீதிபதிகள் அமர்வு தெளிவாகச் சொல்லியிருந்தது. 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் யாரையும் கொல்ல அனுமதி தரவில்லை.

நடைமுறை எப்படி என்று சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை எளிதாக்கியது. மருத்துவ உயில் எழுதுபவர் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெறவேண்டும். தமக்காகப் பேசவேண்டிய உறவினர்களின் பெயர்களையும் அதில் குறிப்பிட வேண்டும். சிகிச்சையை நிறுத்தலாமா என்ற கேள்வி எழும்போது, சிகிச்சை தரும் மருத்துவரும் குறைந்தது இரு நிபுணர்களும் அடங்கிய குழு முதலில் ஆராயும். பின்னர், மாவட்ட முதன்மை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவரும் வேறு இரு நிபுணர்களும் கொண்ட இரண்டாவது குழு ஆராயும். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்தில் கருத்துச் சொல்லவேண்டும். இருவரும் ஒத்துக்கொண்டால், குற்றவியல் நடுவருக்குத் தெரிவித்துவிட்டுச் சிகிச்சையை நிறுத்தலாம். உயில் எழுதாதவருக்கும், குடும்பத்தாரின் இசைவோடு இதே வழி உண்டு. இத்தனை படிகளும் எதற்கு? சொத்துக்காகவோ சலிப்பாலோ ஒரு பெரியவரின் கதையை முடித்துவிடக்கூடாது என்பதற்காகத்தான்.

திருஅவை இந்த வேறுபாட்டை நீதிமன்றங்களுக்கு நெடுநாள் முன்பே கற்பித்தது. 1957-ஆம் ஆண்டு மருத்துவர்களிடம் பேசிய திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கைக்கொள்ளும் கடமைதான் நமக்கு உண்டு என்றும், பெரும் சுமையாக அமையும் வழிகளைக் கைக்கொண்டே தீரவேண்டும் என்பதில்லை என்றும் விளக்கினார். 1980-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிக்கை, குடும்பத்தின் தலையில் தாங்க முடியாத செலவைச் சுமத்தக்கூடாது என்று நோயாளி நினைப்பதைக்கூட நியாயமான காரணங்களுள் ஒன்றாகச் சொல்கிறது. கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூல், 2278-ஆம் பத்தியில், பயனுக்கு மிஞ்சிய சுமையாக இருக்கும் சிகிச்சையை நிறுத்துவது முறையானதே என்கிறது. அப்போது நாம் சாவை விரும்பவில்லை. அதைத் தடுக்க நம்மால் இயலாது என்பதை ஏற்றுக்கொள்கிறோம்.

திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுலின் கடைசி நாட்கள் பலருக்கு நினைவிருக்கும். கருணைக்கொலை கடவுளின் சட்டத்தைப் பெரிதும் மீறுவது என்று 1995-இல் ‘வாழ்வின் நற்செய்தி’ என்ற சுற்றுமடலில் உறுதிபட எழுதியவர் அவர். 2005 மார்ச் இறுதியில் அவர் உடல்நிலை மிகவும் மோசமானபோது, மீண்டும் மருத்துவமனைக்குப் போகாமல், வத்திக்கானில் தம் அறையிலேயே இருந்தார். கீழே வளாகத்தில் ஆயிரக்கணக்கானோர் செபித்துக்கொண்டிருக்க, ஏப்ரல் 2 அன்று இறைவனிடம் சென்றார். அவரைச் சுற்றியிருந்தவர்கள் அவரைக் கொன்றார்கள் என்று யாராவது சொல்வோமா? அவர்கள் விடைகொடுத்தார்கள்.

ஆகவே, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் சகோதரியே, மருத்துவர்கள் இனி பயனில்லை என்று சொன்னபின், வென்டிலேட்டர் வேண்டாம் என்று நீங்கள் போட்ட கையெழுத்து உங்கள் தந்தையைக் கொல்லவில்லை. நோய் அவரை அழைத்துக்கொண்டு போனது. நீங்கள் அவரை இறைவனின் கையில் கொடுத்தீர்கள். மனம் இன்னும் ஆறவில்லை என்றால் உங்கள் பங்குத்தந்தையிடம் வந்து பேசுங்கள். நற்கருணையை விட்டு விலகி இருக்காதீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. சட்டம் அனுமதிக்கும் எல்லாவற்றையும் நம் விசுவாசம் ஏற்றுக்கொள்வதில்லை. அருணாவின் வழக்கில் கேட்கப்பட்டது உணவை நிறுத்துவதற்கான அனுமதி என்று சொன்னேன். குழாய் வழியாகக் கொடுக்கும் உணவையும் நிறுத்தக்கூடிய ஒரு சிகிச்சையாகவே நீதிமன்றங்கள் பார்க்கின்றன. ஆனால் நினைவிழந்து கிடப்பவருக்கு உணவும் நீரும் தருவது, அது குழாய் வழியாக இருந்தாலும், அடிப்படையில் சாதாரணப் பராமரிப்பே என்று 2004-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கற்பித்தார். உடல் அதை ஏற்று ஊட்டம் பெறும்வரை அதை நிறுத்தக்கூடாது. சாகும் தறுவாயில் உடலே உணவை ஏற்க மறுக்கும் நிலை வேறு. வென்டிலேட்டரை நிறுத்திய பிறகும் வாயை ஈரத்துணியால் துடைப்பதும், புரட்டிப் படுக்கவைப்பதும், வலிக்கு மருந்து தருவதும் தொடரவேண்டும். சிகிச்சைக்கு முடிவு உண்டு; பராமரிப்புக்கு முடிவு இல்லை.

வலி மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. “மார்ஃபின் கொடுத்தால் உயிர் சீக்கிரம் போய்விடுமாமே, பாவமில்லையா?” என்று கேட்பவர்கள் உண்டு. வலியைத் தணிக்கும் எண்ணத்தோடு, தேவையான அளவு கொடுப்பது பாவமல்ல. உயிரின் நாட்கள் சற்றுக் குறைய நேரிட்டாலும், சாவை நாம் நாடாதவரை அது தகும் என்று பன்னிரண்டாம் பயஸ் காலந்தொட்டுத் திருஅவை சொல்லி வருகிறது. மருத்துவர் சரியான அளவில் கொடுக்கும் மார்ஃபின் உயிரைக் குறைப்பதில்லை என்பதுதான் இத்துறை மருத்துவர்களின் அனுபவம்.

இந்த மருந்து நம் ஏழைகளுக்கு எளிதில் கிடைக்காமல் போனதற்கும் ஒரு குற்றவியல் சட்டம்தான் காரணம் என்பது வேதனையான உண்மை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கடுமையான தண்டனைகளோடும் பலவித உரிமங்களோடும் வந்ததால், வீண் வம்பு எதற்கு என்று மருத்துவமனைகளும் மருந்துக் கடைகளும் மார்ஃபினைக் கைவிட்டன. போதைக்காரர்களைத் தடுக்க எழுதிய சட்டம், புற்றுநோயாளிகளை வலியில் துடிக்கவைத்தது. 2014-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, ஒரே உரிமத்தோடு வாங்கி வைக்க வழி பிறந்தது. வலியால் “என்னைக் கொன்றுவிடுங்கள்” என்று கத்துகிறவர், வலி அடங்கியதும் பேரப்பிள்ளையைக் கூப்பிடுகிறார். பல வேளைகளில் சாவு வேண்டும் என்று கேட்பவருக்குத் தேவைப்படுவது ஒரு மாத்திரையும், அருகில் ஓர் ஆளும்தான்.

அன்புக்குரியவர்களே, சட்டம் கொல்லாதே என்று சொல்லும். கொன்றால் தண்டிக்கும். அதற்குமேல் அதனால் இயலாது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து தண்ணீர் கொடுக்கும்படி ஒரு மகனுக்கு எந்தச் சட்டமும் ஆணையிட முடியாது. கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவர், சாகும் அளவுக்குத் துயரத்தில் இருந்தபோது, தம் சீடர்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தம்மோடு தங்கி விழித்திருக்கச் சொன்னார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். ஆனால் சிலுவையின் அடியில் அன்னை மரியா நின்றார். மகனின் வலியை எடுத்துவிட அவரால் முடியவில்லை. அங்கிருந்து போகாமல் நிற்க முடிந்தது. நின்றார்.

நம் பங்கில் நாம் செய்யக்கூடிய சில செயல்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, உங்கள் பெற்றோர் நல்ல நினைவோடு இருக்கும்போதே அவர்களோடு பேசுங்கள். “அம்மா, பின்னாளில் உனக்கு முடியாமல் போனால் என்ன செய்யவேண்டும்?” என்று கேட்பது அபசகுனம் அல்ல. விருப்பம் இருந்தால் மருத்துவ உயில் எழுதலாம். அதில் கருணைக்கொலை வேண்டாம், அளவுக்கு மீறிய சிகிச்சையும் வேண்டாம், உணவும் நீரும் வலி மருந்தும் குருவானவரும் வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள்.

இரண்டாவது, நோயில்பூசுதலைக் கடைசி மூச்சுக்கு ஒத்திப்போடாதீர்கள். குருவானவர் வந்தால் சாவு வந்துவிடும் என்ற பயத்தை விடுங்கள். அது நோயாளிகளுக்குரிய அருளடையாளம். நோயாளி தாமே செபிக்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே அழையுங்கள்.

மூன்றாவது, ஒவ்வோர் அன்பியத்திலும் எத்தனை பேர் படுக்கையில் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுங்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கோ மருமகளுக்கோ, வாரத்தில் ஓர் அரைநாள் ஓய்வு கொடுங்கள். அன்பியத்தார் முறைவைத்து அந்த நேரத்தில் அருகில் உட்காரலாம். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், 2021 முதல், படுக்கையில் இருப்பவர்களின் வீடு தேடி வலி நிவாரணப் பராமரிப்புத் தருகிறார்கள். பலருக்கு இது தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க உதவுங்கள். தலைக்கூத்தலை ஒழிக்கக் காவல்துறை மட்டும் போதாது. வயலுக்குப் போகும் மருமகளுக்குப் பதிலாக வீட்டில் உட்கார ஓர் ஆள் இருந்தால், அங்கே எண்ணெய்க் கிண்ணத்திற்கு வேலை இருக்காது.

வாழ்வின் ஆண்டவரே, படுக்கையில் கிடக்கும் எங்கள் முதியோரையும் நோயாளிகளையும் உம் கையில் ஒப்படைக்கிறோம். அவர்களைப் பராமரிப்பவர்களுக்குப் பொறுமையும் உடல் நலமும் தாரும். முடிவெடுக்க முடியாமல் மருத்துவமனை வாசலில் தவிக்கும் பிள்ளைகளுக்குத் தெளிவைத் தாரும். விடைகொடுத்துவிட்டுக் கலங்கும் உள்ளங்களுக்கு ஆறுதல் தாரும். எங்கள் சாவு வேளையில் உம் தாயைப்போல் யாரேனும் ஒருவர் எங்கள் அருகில் நிற்கவும், இன்று நாங்கள் ஒருவர் அருகில் நிற்கவும் அருள்தாரும்.

தந்தை, மகன், தூய ஆவியாராம் இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.